காரியாலயத்தின் உள்ளமைப்பும் நிறுவனத்தின் அடையாளமும்

புறக்கோட்டை கெய்சர் வீதியில் முப்பது வருடங்களாக மொத்தப் புடைவை வியாபாரம் செய்யும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். கடை சிறியது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கு. அக்கரைப்பற்றிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்திறங்கும் வியாபாரிகள் காலையிலேயே தமது பையை அந்த வாங்கின் கீழ் வைத்துவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, சாமான் பார்க்கத் தொடங்குவார்கள். முதலாளி லாச்சிக்குப் பின்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பார்.

வாப்பாவுக்கு வயதாகிறது. மகன் பொறுப்பேற்கிறார். கடையைக் "கம்பனி" ஆக்குகிறார். காலி வீதியில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் புதிய காரியாலயம் திறக்கப்படுகிறது. கண்ணாடிக் கதவு, கறுப்பு மார்பிள் தரை, பாதி இருட்டான வரவேற்பறை, சுவரில் வெளிச்சம் போட்ட இலச்சினை. சில மாதங்களின் பின் அக்கரைப்பற்று வியாபாரி பையுடன் வந்து சேர்கிறார்.

"ஹாஜியார் இருக்கிறாரா?"

"அப்பொயின்ட்மென்ட் எடுத்தீங்களா?"

அவர் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். மார்பிள் தரையில் செருப்போடு நடக்கலாமா என்று யோசிக்கிறார். தாழ்வான சோபாவில் அமர்ந்து அரை மணித்தியாலம் காத்திருக்கிறார். துணியைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. தருவதோ பளபளப்பான ஒரு புத்தகம். அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போகிறார்.

துணி மாறவில்லை. விலையும் மாறவில்லை. பின் என்ன மாறியது? அந்த நிறுவனம் முப்பது வருடங்களாகத் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லி வந்த செய்தி மாறிவிட்டது. "வாருங்கள், இது உங்கள் இடம்" என்று சொன்ன கடை, "நீங்கள் யார்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டது.

இக்கதை கற்பனையானதுதான். ஆனால் தலைமுறை மாறும் எமது குடும்ப வியாபாரங்கள் பலவற்றுக்கு இது புதிய கதையல்ல. ஆகவே ஒரு காரியாலயத்தின் உள்ளமைப்பு நிறுவனத்தின் அடையாளத்தை எவ்வாறு வெளிப்படுத்துகிறது, அதனை எப்படித் திட்டமிடுவது என்பதை இவ்வாரம் படிப்படியாகப் பார்ப்போம்.

வர்த்தக நாமம் என்பது என்ன?

எம்மில் பலர் வர்த்தக நாமம் என்றவுடன் பெயர்ப்பலகையையும் இலச்சினையையும் நினைக்கிறோம். இவை அடையாளத்தின் முகவரி மட்டுமே. ஒரு நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் மக்கள் மனதில் எழும் எதிர்பார்ப்புதான் உண்மையான வர்த்தக நாமம். "அங்கே போனால் ஏமாற்ற மாட்டார்கள்", "சொன்ன திகதியில் சாமான் வரும்", "விலை கூட, ஆனால் பொருள் நிலைக்கும்" என்பவை போன்ற எதிர்பார்ப்புகள் அவை. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு வாக்குறுதி.

விளம்பரம் இந்த வாக்குறுதியை வாயால் சொல்கிறது. காரியாலயமோ அதனைச் செய்து காட்ட வேண்டிய இடம். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருபவர், கதவைத் திறந்த முதல் நிமிடத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். "வேகமான சேவை" என்று பத்திரிகையில் போட்டுவிட்டு, உள்ளே எங்கு போவது என்று தெரியாமல் வாடிக்கையாளரை நிறுத்தி வைத்தால் விளம்பரத்துக்குச் செலவழித்த பணம் அங்கேயே வீணாகிறது.

இது எங்கிருந்து தொடங்கியது?

கட்டிடம், தளபாடம், கடிதத்தாள், உற்பத்திப் பொருள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் குரலில் பேச வேண்டும் என்ற எண்ணம் நூறு வருடங்களுக்கு மேல் பழையது. ஜேர்மனியின் ஏஈஜி மின்சாதன நிறுவனம் 1907இல் பீட்டர் பெஹ்ரன்ஸ் என்ற கலைஞரைத் தனது கலை ஆலோசகராக நியமித்தது. அவர் நிறுவனத்தின் இலச்சினையையும் வரைந்தார், மின்விளக்கையும் தேநீர்க் கேத்தலையும் வடிவமைத்தார். 1909இல் பேர்லினில் எழுந்த அதன் டர்பைன் தொழிற்சாலைக் கட்டிடமும் அவருடைய வேலைதான்.

இத்தாலியின் ஒலிவெட்டி தட்டச்சு இயந்திர நிறுவனம் 1954இல் நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவில் ஒரு காட்சியறை திறந்தது. வாசலுக்கு வெளியே ஒரு பீடத்தில் தட்டச்சு இயந்திரம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தெருவில் போகும் எவரும் நின்று தட்டிப் பார்க்கலாம். காவலாளி இல்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. தன் பொருளில் நிறுவனத்துக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை அந்த ஒரு ஏற்பாடே சொல்லிவிட்டது.

ஒலிவெட்டியின் இந்த அணுகுமுறையால் கவரப்பட்டவர்களில் ஐபிஎம் நிறுவனத்தின் தோமஸ் வட்சன் இளையவரும் ஒருவர். அவருடைய தந்தை காலத்துத் தலைமையகத்தின் கீழ்மாடி மார்பிள் தூண்களும் விலையுயர்ந்த கம்பளங்களுமாக இருந்தது. கம்பனி விற்கத் தொடங்கியதோ கணினிகளை. மகன், எலியட் நொய்ஸ் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு அந்த மண்டபத்தை மாற்றினார். கம்பளம் போய், வெளிச்சமான வெறுமையான இடத்தின் நடுவே கணினியே காட்சிக்கு வந்தது. 1956இல் நொய்ஸ் முழு நிறுவனத்தினதும் வடிவமைப்பு ஆலோசகரானார்.

இங்கும் தந்தைக்குப் பின் மகன் மாற்றம் செய்கிறார். முதலில் சொன்ன கெய்சர் வீதி மகனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? வட்சன் தன் வாடிக்கையாளர் எதைப் பார்க்க வருகிறாரோ அதனை முன்னால் கொண்டுவந்தார். எமது கதையில் வரும் மகன் அதனைப் புத்தகத்துக்குள் மறைத்துவிட்டார்.

முதல் பாடம்: மூன்று சொற்கள்

உள்ளக வடிவமைப்பாளரை அழைக்கும் முன், வர்ண அட்டையைப் புரட்டும் முன், ஒரு கடதாசியில் உங்கள் நிறுவனத்தின் மூன்று பண்புகளை எழுதுங்கள். "தரம்", "சிறப்பு" போன்ற எல்லோருக்கும் பொருந்தும் சொற்கள் வேண்டாம். உங்களைப் போட்டியாளரிடமிருந்து பிரித்துக் காட்டும் சொற்களாக இருக்க வேண்டும். நீங்கள் மட்டும் எழுதாமல் பழைய வாடிக்கையாளர் ஐந்து பேரிடமும், காசாளர் முதல் சாரதி வரை உங்கள் ஊழியர்களிடமும் கேளுங்கள். முதலாளி நினைப்பதும் மற்றவர்கள் சொல்வதும் வேறுபட்டால், மற்றவர்கள் சொல்வதற்கே கூடிய மதிப்புக் கொடுங்கள்.

பின்னர் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, "இதனை வாடிக்கையாளர் எந்த இடத்தில் கண்ணால் காண்பார்?" என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். மூன்று உதாரணங்கள் தருகிறோம்.

மாணிக்கக்கல் ஏற்றுமதி நிறுவனம். அதன் சொல் "நேர்மை" என்று வைத்துக்கொள்வோம். அதனைச் சுவரில் எழுதுவதால் பயனில்லை. கல் பார்க்கும் மேசை யன்னலோரம் இருக்கட்டும். தராசின் இலக்கம் வாங்குபவர் பக்கம் திரும்பியிருக்கட்டும். பேருவளை சீனன்கோட்டையில் கல் பார்ப்பவர்களுக்கு வெளிச்சத்தின் பெறுமதி நன்கு தெரியும். அலெக்சாந்திரைட் கல் பகல் வெளிச்சத்தில் பச்சையாகவும் பழைய மஞ்சள் மின்குமிழின் கீழ் சிவப்பாகவும் தெரியும். மற்றக் கற்களும் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறித் தோன்றக்கூடியவை. ஆகவே எல்லா வெளிச்சத்திலும் கல்லைக் காட்டும் நிறுவனம் ஒரு வார்த்தை பேசாமலேயே தன் நேர்மையைச் சொல்லிவிடுகிறது.

ஹஜ், உம்றா பயண முகவர் நிலையம். அதன் சொல் "பொறுப்பு". இங்கே வருபவர்களில் வயோதிபர்கள் பலர். வாழ்நாள் சேமிப்பைக் கையில் கொண்டு வருகிறார்கள். அவர்கள் எழும்புவதற்கு வசதியான, கைபிடியுள்ள, உயரமான கதிரைகள் வேண்டும். கட்டணத்தில் அடங்குபவை எவை, அடங்காதவை எவை என்பது பெரிய எழுத்தில் சுவரில் இருக்க வேண்டும். ஹறமின் பெரிய புகைப்படம் எல்லா நிலையங்களிலும் இருக்கும். கட்டண விபரம் சுவரில் இருக்கும் நிலையம்தான் நினைவில் நிற்கும்.

கணக்காய்வு நிறுவனம். அதன் சொல் "இரகசியம் பேணல்". ஒருவருடைய கோப்பு இன்னொருவர் கண்ணில் படும்படி மேசையில் கிடந்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். பூட்டக்கூடிய அலுமாரிகளும் சத்தம் வெளியே வராத கூட்ட அறையும் இங்கு அலங்காரத்தை விட முக்கியம். எமது காரியாலயங்களில் ஜிப்சம் பலகைச் சுவர்கள் பலவேளை பொய்க்கூரையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேலுள்ள வெற்றிடத்தால் பக்கத்து அறைப் பேச்சு தெளிவாகக் கேட்கும். கூட்ட அறையின் சுவரை மட்டுமாவது மேல் கொங்கிரீட் தளம் வரை உயர்த்தும்படி ஒப்பந்தக்காரரிடம் சொல்லுங்கள். கூரை மூடிய பின் இதைச் செய்வது கஷ்டம்.

இரண்டாம் பாடம்: வாடிக்கையாளர் நடக்கும் பாதை

ஒரு நாள் காலையில் உங்கள் காரியாலயத்துக்கு நீங்களே ஒரு அந்நியரைப் போல வாருங்கள். வீதியிலிருந்து தொடங்குங்கள். பெயர்ப்பலகை முச்சக்கர வண்டியில் வருபவருக்குத் தெரிகிறதா? மும்மொழியிலும் இருக்கிறதா? எந்த மாடி என்று கீழேயே எழுதியிருக்கிறதா? கதவைத் தள்ளுவதா, இழுப்பதா? உள்ளே வந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன? ஒரு மனித முகமா, அல்லது கணினித் திரையின் முதுகா?

வரவேற்பு மேசை பற்றி ஒரு வார்த்தை. மார்பளவு உயரமான மேசைக்குப் பின்னால் ஊழியர் மறைந்திருந்தால் அது சுங்கத் திணைக்களத்தை ஞாபகப்படுத்தும். நாணயமாற்று நிலையத்துக்கு அது பொருந்தலாம். குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பொருந்தாது. அங்கே பக்கத்தில் அமர்ந்து வரைபடத்தை ஒன்றாகப் பார்க்கும் வட்ட மேசையே சிறந்தது.

காத்திருக்கும் இடத்தில் பெண்கள் தனியாக வந்தால் சங்கடமின்றி அமர இடமுண்டா? நடைபாதை குறைந்தது மூன்று அடியாவது இருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருபவர் திரும்ப ஐந்து அடி விட்டமுள்ள இடம் வேண்டும். படிக்கட்டு இரண்டே இரண்டுதான் என்றாலும் அவருக்கு அது சுவர்.

மலசலகூடத்தையும் பாருங்கள். வரவேற்பறையில் இத்தாலிய மார்பிள் போட்டுவிட்டு மலசலகூடத்தில் உடைந்த வாளி வைத்திருக்கும் நிறுவனம், தன் உண்மையான குணத்தை வாளி மூலம் சொல்லிக் கொண்டிருக்கிறது.

மூன்றாம் பாடம்: வெளிச்சமும் நிறமும்

இலச்சினை பச்சை என்பதற்காக நான்கு சுவருக்கும் பச்சை பூசுவது அடையாளமாகாது. அது கண்ணுக்குக் களைப்பு. பெரும் பகுதிக்கு வெண்மை, மண்நிறம் போன்ற அமைதியான நிறங்களைக் கொடுத்து, நிறுவனத்தின் நிறத்தை வாடிக்கையாளர் கவனிக்க வேண்டிய ஓரிரு இடங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னுள்ள சுவர், அறைகளின் பெயர்ப்பலகை, கோப்பின் முதுகு போன்ற இடங்கள் போதும். குறைவாக இருக்கும்போதே நிறம் நினைவில் தங்கும்.

வெளிச்சம் விடயத்தில் சில இலக்கங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எழுதவும் கணினியில் வேலை செய்யவும் மேசை மட்டத்தில் சுமார் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. எல்ஈடி மின்குமிழின் பெட்டியில் வெளிச்சத்தின் நிறம் கெல்வினில் குறிக்கப்பட்டிருக்கும். 2700 மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம், 4000 நடுநிலையானது, 6500 நீலம் கலந்த வெண்மை. வேலை செய்யும் இடத்துக்கு 4000 பொருத்தம். விருந்தினர் அமரும் இடத்துக்கு 2700 அல்லது 3000 போடலாம். ஒரே அறையில் மூன்றையும் கலந்து மாட்டினால் எவ்வளவு செலவழித்தாலும் இடம் ஒழுங்கற்றதாகவே தெரியும்.

அதே பெட்டியில் சீஆர்ஐ என்றொரு இலக்கமும் இருக்கும். பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 100 உயர்ந்தது. சாதாரண காரியாலயத்துக்கு 80 போதும். புடைவை, வர்ணப்பூச்சு, மாணிக்கம் விற்பவர்கள் 90க்கு மேல் தெரிவு செய்ய வேண்டும். கடையின் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிந்த சல்வார் துணியும் சோலும் வீட்டு முற்றத்தில் இரண்டு நிறமாகத் தெரிந்தால், வாடிக்கையாளர் மின்குமிழைக் குறை சொல்ல மாட்டார். உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

நான்காம் பாடம்: எமது மண்ணின் பொருட்கள்

துபாயில் கண்ட காரியாலயத்தை அப்படியே கொழும்பில் கட்ட வேண்டும் என்ற ஆசை சிலரிடம் இருக்கிறது. எமது காலநிலை வேறு. எமது மின்கட்டணமும் வேறு. 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த வேளையில், திறக்க முடியாத கண்ணாடிச் சுவர்களுக்குள் இருந்தவர்கள் பட்டபாடு மறந்திருக்காது. திறக்கக்கூடிய யன்னல் உள்ளவர்கள் ஓரளவாவது வேலை செய்தார்கள்.

இலங்கையின் உலகப் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919 - 2003) இதை நன்கு விளங்கியிருந்தார். முஸ்லிம் பரம்பரைத் தொடர்புள்ள ஒரு சட்டத்தரணியின் மகன் அவர். 1970களின் பிற்பகுதியில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு அவர் வடிவமைத்த மாடிக் கட்டிடம், இயற்கைக் காற்றையும் வெளிச்சத்தையும் உபயோகிக்கும்படி திட்டமிடப்பட்டது. கொழும்பு அல்பிரட் ஹவுஸ் வீதியில் முற்றங்களைச் சுற்றி அவர் அமைத்த தனது காரியாலயம் பிற்காலத்தில் கலரி கபேயாக மாறியது. மழையும் நிழலும் மரமும் அங்கே அலங்காரமாக வேலை செய்கின்றன. அங்கு போனவர்கள், அந்த இடம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இருக்க முடியாது என்பதை உணர்வார்கள்.

பார்பரா சன்சோனி 1964இல் ஆரம்பித்த பெயார்பூட் நிறுவனமும் அவ்வாறே. கைத்தறித் துணியின் துணிச்சலான நிறங்களே அதன் அடையாளம். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டாலும் துணியைப் பார்த்து நிறுவனத்தைச் சொல்லிவிடலாம்.

எம்மிடமும் வளங்கள் இல்லாமலில்லை. மருதமுனைக் கைத்தறி இருக்கிறது. கிழக்கின் பன் பாய் இருக்கிறது. பழைய வீடுகளின் மரக் கதவுகளும் கதிரைகளும் இருக்கின்றன. வாப்பாவின் பழைய மர வாங்கையே மெருகேற்றிப் புதிய வரவேற்பறையில் போட்டால், அந்த நிறுவனத்தின் முப்பது வருட வரலாற்றை அதைவிடச் சிறப்பாக எந்தச் சோபாவும் சொல்லாது.

ஐந்தாம் பாடம்: ஊழியர்களை மறக்க வேண்டாம்

அடையாளம் என்பது வருபவர் பார்ப்பதற்கு மட்டுமல்ல. உள்ளே எட்டு மணித்தியாலம் வேலை செய்பவர் நம்பாத ஒன்றை வெளியாள் நம்பமாட்டார்.

அமெரிக்காவின் ஷயட் டே என்ற விளம்பர நிறுவனத்தின் அனுபவம் இங்கு படிப்பினையானது. தான் எதிர்காலத்தின் நிறுவனம் என்று காட்ட விரும்பிய அது, 1994 அளவில் ஊழியர்களின் சொந்த மேசைகளை ஒழித்தது. காலையில் வந்து தொலைபேசியையும் மடிக்கணினியையும் இரவல் பெற்றுக்கொண்டு கிடைக்கும் இடத்தில் அமர வேண்டும். பத்திரிகைகள் புகழ்ந்தன. உள்ளேயோ கருவிகளுக்குப் போட்டி, கோப்பு வைக்க இடமில்லை. சிலர் தம் காரின் டிக்கியையே அலுமாரியாக்கிக் கொண்டனர். சில வருடங்களில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. செய்யும் தொழிலுக்குப் பொருந்தாத வடிவமைப்பு எவ்வளவு புகழப்பட்டாலும் நிலைக்காது என்பதற்கு இது சான்று.

எமது நிறுவனங்களில் ஒரு விசேட விடயம் தொழுகை அறை. லுஹரும் அஸரும் வேலை நேரத்துக்குள் வருகின்றன. களஞ்சியத்தின் மூலையில் பெட்டிகளுக்கிடையே பாய் விரித்துவிட்டு, "இஸ்லாமிய விழுமியங்களைப் பேணும் நிறுவனம்" என்று சுவரில் எழுதுவது முரண்பாடு. பெரிய அறை தேவையில்லை. சுத்தமான இடம், கிப்லாவுக்கு நேராக விரித்த விரிப்பு, அமர்ந்து கால் கழுவக்கூடிய தாழ்வான குழாய், பெண் ஊழியருக்குத் தனித் திரை ஆகியன போதும். கொழும்பில் கிப்லா நேர் மேற்கல்ல. மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஆகவே தரை ஓடு பதிக்கும் முன்பே திசையைக் கணித்தால் ஓட்டின் கோடே ஸஃப்பாக அமையும். கால் கழுவும் குழாய் இல்லாதபோதுதான் கைகழுவும் தொட்டி உடைகிறது, தரை ஈரமாகிறது, மற்ற ஊழியர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு சிறு வடிவமைப்பினால் தீரும் பிரச்சினை மனஸ்தாபமாக வளர விடலாமா?

ஆறாம் பாடம்: நாம் யார் என்பதைக் காட்டுவது எப்படி?

முஸ்லிம் நிறுவனம் என்றால் வளைவுகள், பச்சை நிறம், அறபு எழுத்தணி என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. எழுத்தணிக் கலை எமது பெருமைக்குரிய செல்வம். நல்ல கலைஞர் எழுதிய ஒரு சட்டகம் நல்ல இடத்தில் இருந்தால் அது அழகு. ஆனால் குர்ஆன் வசனத்தைக் காலடி மட்டத்திலோ, விலைக்கழிவு விளம்பரத்தின் பக்கத்திலோ மாட்டுவது அழகுமல்ல, மரியாதையுமல்ல.

இன்னொன்றையும் மனந்திறந்து பேச வேண்டும். 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் 2019இல் மினுவாங்கொடையிலும் எமது கடைகள் எரிந்ததைக் கண்டோம். அதன் பின் அடையாளத்தை முற்றாக மறைத்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு, இன்னும் உரத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தவர்களும் உண்டு. இரண்டும் பயத்தில் பிறக்கும் முடிவுகள். வியாபாரம் பயத்தில் வளராது.

நடுவழி ஒன்றுண்டு. யார் வந்தாலும் தன் மொழியில் வாசிக்கக்கூடிய பலகை, யாரும் தடையின்றி நுழையக்கூடிய வாசல், எல்லோருக்கும் ஒரே விலைப்பட்டியல். சிங்களச் சகோதரர் ஒருவர் முதன்முறையாக வந்து தன் மொழியில் பற்றுச்சீட்டைப் பெற்றுப் போகும்போது, எமது மார்க்கம் கற்றுத்தந்த வியாபார ஒழுக்கத்தை அவர் கண்டு போகிறார். முஸ்லிம் நிறுவனத்தின் அடையாளம் அந்த ஒழுக்கமே. வளைவும் எழுத்தணியும் அதற்குப் பின்னரே.

ஏழாம் பாடம்: செலவின் ஒழுங்கு

இதற்கெல்லாம் இலட்சக்கணக்கில் தேவை என்று எண்ண வேண்டாம். செலவை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் பழுதுகள் - ஒழுகும் கூரை, ஆபத்தான மின்கம்பி, மலசலகூடம். இரண்டாவது வெளிச்சமும் காற்றும். மூன்றாவது ஊழியரின் கதிரை மேசை. நான்காவது வாடிக்கையாளர் தொடும் பொருட்கள் - கதவுக் கைபிடி, கதிரை, மேசையின் மேற்பரப்பு. கடைசியில்தான் இலச்சினையும் அலங்காரமும். எம்மில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இடத்துக்கும் விலை உண்டு. சதுர அடிக்கு மாதம் 150 ரூபா வாடகை என்று வைத்துக்கொண்டால், யாரும் அமராத 200 சதுர அடி வரவேற்பறை மாதத்துக்கு 30,000 ரூபா, வருடத்துக்கு 360,000 ரூபா விழுங்குகிறது. அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்று யோசியுங்கள்.

வாடகைக் கட்டிடமாயின் குத்தகை முடியும் திகதியைப் பாருங்கள். இரண்டு வருடக் குத்தகைக்குத் தரையையும் கூரையையும் மாற்றினால் அது கட்டிட உரிமையாளருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு. கழற்றிக் கொண்டுபோகக்கூடிய தளபாடம், விளக்கு, அலுமாரி, திரை ஆகியவற்றில் அடையாளத்தைக் காட்டுங்கள்.

அலங்காரத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்குவது பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வட்டியில்லாக் கடனாயினும் மூலதனத்தைச் சுவரில் பூசிவிட்டால், சாமான் வாங்கப் பணமிருக்காது. அழகு விரும்பத்தக்கது. வீண்விரயம் தடுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையிலான கோடு இலகுவானது: ஒரு பொருளை எடுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கோ ஊழியருக்கோ ஏதாவது குறைகிறதா? குறையவில்லை என்றால் அது தேவையில்லை.

ஈரமான தானியம்

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த சம்பவம் எமக்குத் தெரியும். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதை அன்னார் வன்மையாகக் கண்டித்தார்கள்.

காரியாலய உள்ளமைப்பைப் பற்றிய பாடமும் இதில் இருக்கிறது. வரவேற்பறை குவியலின் மேற்பகுதி. கணக்கும் களஞ்சியமும் ஊழியரின் முகமும் அதன் உட்பகுதி. மேலே காய்ந்ததைப் பரப்பி உள்ளே ஈரத்தை மறைக்கும் வடிவமைப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏமாற்று வேலையே. ஒருநாள் யாராவது கை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே நல்லது இருந்தும் அதனை வெளியே காட்டத் தெரியாமல் இருப்பதும் நட்டமே. அந்த நல்லதை வாடிக்கையாளர் காணும்படி முன்னால் கொண்டுவந்து வைப்பதுதான் இந்தக் கலை.

எமது கெய்சர் வீதி மகனுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. துணி உருளைகளை வரவேற்பறைக்குக் கொண்டு வரட்டும். இருட்டு விளக்குகளை மாற்றட்டும். பை வைக்க ஒரு இடம் ஒதுக்கட்டும். தன் மேசையைக் கதவு தெரியும் இடத்துக்கு நகர்த்தட்டும். வாப்பாவின் வாங்கு வீட்டு மாடியில் கிடந்தால் அதனையும் எடுத்து வரட்டும். பெரிய செலவில்லை. அதன்பின் அக்கரைப்பற்று வியாபாரிக்கு அவரே ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கட்டும்.

இவ்வாரப் பயிற்சி

ஒன்று: உங்கள் நிறுவனத்தின் மூன்று சொற்களை எழுதி, ஒவ்வொன்றும் காரியாலயத்தில் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது என்று குறியுங்கள். விடை இல்லாத சொல்லுக்கு எதிரே ஒரு வெற்றுக் கோடு போடுங்கள். உங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு: உங்களை அறியாத ஒரு நண்பரின் நண்பரைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்து, "இவர்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்ற கேள்விக்கு மூன்று சொற்களில் பதில் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய சொற்களையும் உங்கள் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்று: வாடிக்கையாளர் அமரும் கதிரையில் நீங்கள் இருபது நிமிடம் அமருங்கள். கையில் தொலைபேசி வேண்டாம். எது தெரிகிறது, எது கேட்கிறது, எது மணக்கிறது என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பையே உங்கள் வடிவமைப்பாளரிடம் முதலில் கொடுங்கள்.